பைசா பிசகாத பில்: ஜாவாவில் பணத் தொகையை அச்சிடுதல்

ஜாவா படிக்கத் தொடங்கியவர் எழுதிப் பார்க்கும் முதல் உருப்படியான நிரல் பெரும்பாலும் ஒரு கடை பில்தான். பேனா ஒன்று 4.35 ரூபாய், நூறு பேனா வேண்டும், மொத்தம் எவ்வளவு? விலையை டபுள் வகை மாறியில் போட்டு நூறால் பெருக்கி அச்சிட்டால் திரையில் வருவது 434.99999999999994. மனக்கணக்கிலேயே 435 என்று தெரிந்த விடை இப்படி வந்ததும், தசமப் புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம் மட்டும் காட்ட என்ன வழி என்றுதான் எவரும் தேடுவார்கள். வழியும் சுலபமாகக் கிடைத்துவிடுகிறது. பிரின்ட்எஃப் மெத்தடுக்குள் சதவீதக் குறி, புள்ளி, 2, எஃப் ஆகிய நான்கையும் வரிசையாகக் கொடுத்தால் 435.00 என்று வந்துவிடும். பாடப் பயிற்சிக்கு அது போதும். ஆனால் அந்த நான்கு எழுத்துகள் திரையை மட்டுமே திருத்தின. மாறிக்குள் இருக்கும் தொகை இன்னமும் 434.99999999999994தான். பணத் தொகையை அச்சிடுவது, கணக்கெல்லாம் முடிந்த பிறகு நடக்க வேண்டிய கடைசி வேலை. கணக்கில் உள்ள கோளாறை அதை வைத்து மறைத்தால், கோளாறு நிரலின் வேறொரு மூலையில் தலை காட்டும். எப்படி அச்சிடுவது என்பதற்கு முன்னால், எதை அச்சிடுகிறோம் என்பதை இந்த அத்தியாயம் கேட்பது அதனால்தான்.

டபுள் ஒவ்வொரு எண்ணையும் 64 பிட்டுகளுக்குள் இரும முறையில் அடைக்கிறது. 1985-ல் வெளியான ஐஇஇஇ 754 தரத்தின்படி நடக்கும் இந்த ஏற்பாட்டில் பின்னங்கள் எல்லாம் அரை, கால், அரைக்கால் என்று இரண்டால் வகுத்துக்கொண்டே போகும் பகுதிகளால்தான் ஆக வேண்டும். சுருக்கிய பின்னத்தின் பகுதியில் (கீழ் எண்ணில்) 5 ஒரு காரணியாக நுழைந்துவிட்டால் அந்தப் பின்னம் இரும முறையில் முடிவதே இல்லை. நம் தசம முறையில் மூன்றில் ஒரு பங்கு 0.333 என்று முடியாமல் ஓடுவதைப் போலத்தான் அங்கே பத்தில் ஒரு பங்கும் ஓடுகிறது. ஒரு ரூபாய்க்குள் வரக்கூடிய நூறு பைசா மதிப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றில் .00, .25, .50, .75 என்ற நான்கு மட்டுமே டபுளுக்குள் சுத்தமாக உட்காரும். மீதி 96 மதிப்புகளும் ஏதோ ஓர் அண்டை எண்ணாகத்தான் சேமிக்கப்படும். 4.35 என்று நாம் தட்டச்சு செய்தது உள்ளே 4.3499999999999996 என்பதை ஒட்டிய எண்ணாக இருக்கிறது. ஆகவே பேனா பில்லில் நடந்தது அபூர்வமான விபத்து அல்ல. டபுளில் எழுதிய பெரும்பாலான பில்களில் இது நடந்துகொண்டே இருக்கிறது. பல நேரங்களில் பிழைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போவதால் நம் கண்ணில் படுவதில்லை.

பிழை ஒரு பைசாவில் கோடியில் ஒரு பங்குகூட இல்லையே, இதற்கு இவ்வளவு பேச்சு வேண்டுமா என்று கேட்கலாம். வெப்பநிலை, தூரம், எடை போன்ற அளவுகளில் இந்தக் கேள்வி நியாயமானது. கருவியின் பிழையே இதைவிடப் பெரிது என்பதால் அங்கே டபுள் தாராளமாகப் போதும். பணம் எண்ணப்படும் பொருள், அதை வைத்து நிரல் முடிவும் எடுக்கிறது. சிக்கல் அந்த இடத்தில்தான். 4.35 ரூபாயை நூறால் பெருக்கி முழு எண்ணாக மாற்றினால், ஜாவா தசமப் பகுதியை வெட்டிவிடுவதால், 434 பைசாதான் கிடைக்கும். கண்ணுக்குத் தெரியாத பிழை ஒரு முழு பைசாவாகிவிட்டது. இன்னொரு உதாரணம்: ஒரு ரூபாய் கடனைப் பத்துப் பைசா வீதம் பத்து முறை அடைப்பதாக வையுங்கள். டபுளில் 0.1-ஐப் பத்து முறை கூட்டினால் வருவது 0.9999999999999999. பாக்கித் தொகையை இரண்டு இலக்கத்தில் அச்சிட்டால் 0.00 என்று வரும். ஆனால் பாக்கி பூஜ்யத்தைவிட அதிகமா என்று நிரல் சோதித்தால் ஆம் என்பதே பதில். பாக்கி 0.00 என்று காட்டிக்கொண்டே அந்த நிரல் வாடிக்கையாளரைக் கடனாளியாக வைத்திருக்கும். கழித்தல் எதிர்ப்பக்கம் சரிந்தால் -0.00 என்றுகூட அச்சாகும். இங்கே அழகான அச்சு உதவி செய்யவில்லை, தடயத்தை அழித்துவிட்டது. அதனால் பிழை தேடும்போது தொகையை வடிவமைக்காமல் அப்படியே அச்சிட்டுப் பார்ப்பதுதான் முதல் வேலையாக இருக்க வேண்டும்.

சில்லறை நாணயமே புழக்கத்தில் இல்லாத காலத்தில் பைசாவுக்கு என்ன மதிப்பு என்ற கேள்வியும் எழும். 2011 ஜூன் 30 முதல் 25 பைசாவும் அதற்குக் கீழான நாணயங்களும் இந்தியாவில் செல்லாது என்பது உண்மை. ஆனால் பெட்ரோல் விலையும் வங்கி வட்டியும் வரிக் கணக்கும் பைசாவோடுதான் இன்றும் எழுதப்படுகின்றன, யுபிஐயில் பைசாவோடு பணம் அனுப்பலாம். கல்லாவில் சில்லறை இல்லாவிட்டாலும் பேரேட்டில் பைசா உண்டு.

சரி, தொகை துல்லியமாகவே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் அச்சிடும் கருவி நம்மைக் கேட்காமல் ஒரு முடிவை எடுத்துவிடுகிறது: பாதிப் பைசாவை என்ன செய்வது? இரண்டரை ரூபாய்ப் பொருளுக்கு 5 சதவீத வரி 0.125 ரூபாய். இந்த எண் டபுளிலும் சுத்தமாக அடங்கும் என்பதால் இருமப் பிழையின் மேல் பழி போட வழியில்லை. இதைப் பிரின்ட்எஃப் மூலம் இரண்டு இலக்கத்தில் அச்சிட்டால் 0.13 வரும். அதே எண்ணை டெசிமல்ஃபார்மட் கிளாஸிடம் இரண்டு இலக்க வடிவத்தோடு கொடுத்தால் 0.12 வரும். முன்னது பாதி வந்தால் மேலே தள்ளுகிறது. பின்னது பாதி வந்தால் பக்கத்திலுள்ள இரட்டைப்படை இலக்கத்துக்குப் போகிறது. ஆயிரக்கணக்கான தொகைகளைக் கூட்டும்போது பாதிகள் எல்லாம் ஒரே பக்கம் சாயாமல் இருக்க இந்த இரண்டாவது முறை உதவும் என்பதால் அதைத் தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் பில் அச்சிடும் மெத்தடை ஒருவர் பிரின்ட்எஃப் கொண்டும், மாதாந்தர அறிக்கையை இன்னொருவர் டெசிமல்ஃபார்மட் கொண்டும் எழுதியிருந்தால், ஒரே வரி ஓரிடத்தில் 13 பைசாவாகவும் மற்றோரிடத்தில் 12 பைசாவாகவும் தெரியும். இருவருடைய நிரலிலும் பிழை இல்லை. யாரும் முடிவெடுக்காததே பிழை.

இந்த முடிவு நிரலாளருடைய ரசனைக்கு விடப்பட்டதும் அல்ல. மத்திய சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டம், 2017-ன் 170-ஆம் பிரிவு, செலுத்த வேண்டிய வரியை அருகிலுள்ள முழு ரூபாய்க்குக் கொண்டுவரச் சொல்கிறது: 50 பைசாவோ அதற்கு மேலோ இருந்தால் ஒரு ரூபாயாகக் கூட்ட வேண்டும், குறைவாக இருந்தால் விட்டுவிட வேண்டும். வங்கி, காப்பீடு, பங்குச் சந்தை என்று ஒவ்வோர் இடத்திலும் இப்படி ஒரு விதி எழுதப்பட்டிருக்கும். ரவுண்ட் ஆஃப் என்று நாம் சாதாரணமாகச் சொல்வது ஒரு வணிக விதி. அது கணக்கிடும் பகுதியில், பெயரோடு, படிப்பவர் கண்ணில் படும்படி எழுதப்பட வேண்டும். ஜாவா 5 முதல் ரவுண்டிங்மோட் என்ற பெயரில் இதற்கென்றே ஒரு பட்டியல் இருக்கிறது. பாதியை மேலே தள்ளும் ஹாஃப் அப், பாதியை இரட்டைப்படை இலக்கத்துக்குக் கொண்டுபோகும் ஹாஃப் ஈவன், வெட்டிவிடும் டவுன் முதலானவற்றில் எது வேண்டும் என்று நீங்களே சொல்லிவிட்டால், அச்சிடும் கருவிக்கு மாற்றிக் கணக்குப் போட எதுவும் மிஞ்சாது. அதன் கைக்குப் போகும்போதே தொகைக்கு இரண்டு இலக்கம்தான் இருக்கும்.

எந்த இடத்தில் ரவுண்ட் ஆஃப் செய்வது என்பதும் அதே அளவு முக்கியம். மேலே சொன்ன இரண்டரை ரூபாய்ப் பொருள் பில்லின் மூன்று வரிகளில் வருகிறது என்று வையுங்கள். ஒவ்வொரு வரியிலும் வரி 0.13 என்று அச்சாகும். மூன்று 0.125-ஐக் கூட்டினால் 0.375, அது 0.38 என்று அச்சாகும். காகிதத்தில் உள்ள மூன்று 0.13-ஐக் கூட்டிப் பார்க்கும் வாடிக்கையாளருக்கு வருவது 0.39. வரிக்கு வரி முழுமையாக்கிக் கூட்டுவதா, கூட்டிவிட்டு ஒரே முறை முழுமையாக்குவதா என்பதை முன்பே முடிவு செய்து, அச்சிட்ட எண்களைக் கூட்டினால் அச்சிட்ட மொத்தம் வரும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். இதை அலட்சியமாக விட்டால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு கனடாவின் வான்கூவர் பங்குச் சந்தை சாட்சி. 1982 ஜனவரியில் 1000 புள்ளியில் தொடங்கிய அதன் குறியீடு, சந்தை நன்றாக இருந்தபோதும் 1983 நவம்பருக்குள் 520 புள்ளி அளவுக்குச் சரிந்து கிடந்தது. ஒவ்வொரு வணிகத்துக்குப் பிறகும் குறியீட்டைத் திரும்பக் கணக்கிட்ட நிரல், மூன்று தசம இலக்கத்துக்கு மேல் உள்ளதை முழுமையாக்காமல் வெட்டியது. வெட்டிய எண்ணையே அடுத்த கணக்குக்கும் எடுத்துக்கொண்டது. திருத்திக் கணக்கிட்டபோது குறியீடு 1,098-க்கு மேல் நின்றது. ஒரு புள்ளியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான வெட்டுதான், ஆனால் எல்லாம் ஒரே திசையில், ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான முறை.

இனி, தொகையை எதில் வைப்பது? ஜாவா இதற்குத் தருவது பிக்டெசிமல் கிளாஸ். கூட்டல் குறி போட்டுக் கூட்ட முடியாது, ஆட் என்ற மெத்தடை அழைக்க வேண்டும். ஒப்பிடுவதற்கும் பெருக்குவதற்கும் தனித்தனி மெத்தட். மூன்றே வரியில் முடிய வேண்டிய கணக்கு பத்து வரியாகிறது, தொடக்க மாணவரிடம் இதைத் திணிக்கலாமா என்று ஆசிரியர்கள் தயங்குவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் தொடக்கத்தில் பழகியதே கையில் நிற்கும். டபுளில் பில் எழுதிப் பழகியவர் வேலைக்குப் போன இடத்திலும் முதல் நாள் அதையே எழுதுவார். பிக்டெசிமல் கனமாகத் தோன்றினால் அதைவிட எளிய வழி ஒன்று உண்டு: தொகையை லாங் வகை மாறியில் பைசாவாகவே வைத்துக்கொள்வது. 4.35 ரூபாய் என்பது 435 பைசா, நூறால் பெருக்கினால் 43,500 பைசா. கூட்டல், கழித்தல், ஒப்பீடு எல்லாம் சாதாரணக் குறிகளாலேயே நடக்கும், ஒரு பைசாகூடத் தப்பாது. இன்ட் வகையை மட்டும் இதற்குப் பயன்படுத்தாதீர்கள். அதன் உச்சம் 2,147,483,647, அதாவது பைசாவில் இரண்டு கோடியே பதினைந்து லட்சம் ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. அதைத் தாண்டினால் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் தொகை எதிர்க்குறிக்குப் புரண்டுவிடும். வரி, தள்ளுபடி, வட்டி என்று சதவீதக் கணக்கு நிறைய வரும் நிரலுக்குப் பிக்டெசிமல், வெறும் கூட்டல் கழித்தலுக்கு லாங் என்று பிரித்துக்கொள்வது என் பரிந்துரை.

பிக்டெசிமலை எடுத்துக்கொண்டாலும் உள்ளே விடும் வழி தவறினால் பயன் இல்லை. 0.1 என்ற டபுளை அப்படியே கன்ஸ்ட்ரக்டருக்குள் கொடுத்தால் 0.1000000000000000055511151231257827021181583404541015625 என்ற எண் பிறக்கும். டபுளுக்குள் ஒளிந்திருந்ததைப் பிக்டெசிமல் நேர்மையாக வெளியே காட்டுகிறது, அவ்வளவுதான். மேற்கோள் குறிக்குள் 0.1 என்று ஸ்டிரிங்காகக் கொடுத்தால் சரியாகப் பத்தில் ஒன்று. இருபது ரூபாய் பத்துப் பைசாவுக்கு 5 சதவீத வரி 1.005 ரூபாய். இதை ஸ்டிரிங்காகக் கொடுத்து ஹாஃப் அப் முறையில் இரண்டு இலக்கமாக்கினால் 1.01 வரும். டபுளாகக் கொடுத்தால், உள்ளே இருப்பது 1.00499 என்று தொடங்கும் எண் என்பதால், 1.00 வரும். ஆகவே பயனரிடமிருந்து தொகையை வாங்கும்போதும் ஸ்கேனரின் நெக்ஸ்ட்டபுளை விட்டு நெக்ஸ்ட்பிக்டெசிமலை அழையுங்கள். இன்னும் மூன்று இடங்களில் புதியவர்கள் வழுக்கி விழுவது வழக்கம். ஆட் மெத்தட் பழைய பொருளை மாற்றாது, புதிய பொருளைத் திருப்பித் தரும் என்பதால் அதை மாறியில் வாங்கிக்கொள்ளாவிட்டால் மொத்தம் பூஜ்யத்திலேயே நிற்கும். ஈக்வல்ஸ் மெத்தட் 2.0-ஐயும் 2.00-ஐயும் வேறு வேறு என்று சொல்லும், கம்பேர்டு மெத்தட்தான் தொகையை ஒப்பிடும். பத்து ரூபாயை மூன்று பேருக்குப் பிரிக்கச் சொல்லும்போது ரவுண்டிங்மோட் கொடுக்காவிட்டால் நிரல் எக்ஸெப்ஷன் வீசி நின்றுவிடும். இந்த மூன்றாவது எரிச்சலூட்டினாலும் நல்லதே செய்கிறது: மிச்சமுள்ள ஒரு பைசா யாருக்கு என்று நம்மையே கேட்கிறது.

இதற்கெல்லாம் பிறகுதான் அச்சு. இங்கே வரும் முதல் ஆபத்து இடம் சார்ந்தது. நம்பர்ஃபார்மட் கிளாஸின் கெட்கரன்சிஇன்ஸ்டன்ஸ் மெத்தடை எந்த நாடு என்று சொல்லாமல் அழைத்தால், நிரல் ஓடும் கணினியின் லோகேல் (நாடு, மொழி அமைப்பு) எதுவோ அதையே அது எடுத்துக்கொள்ளும். 435 ரூபாய் பில் அமெரிக்க அமைப்புள்ள கணினியில் டாலர் குறியோடு வரும். ஜெர்மன் அமைப்பில் தசமப் புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் காற்புள்ளியும், எண்ணுக்குப் பின்னால் யூரோ குறியும் வரும். தொகை மாறவில்லை, நாணயம் மட்டும் மாறிவிட்டது. பில்லில் இதைவிடப் பெரிய பொய் இருக்க முடியாது. பிரின்ட்எஃப் மெத்தடும் இதே லோகேலைத்தான் பார்க்கிறது என்பதால் அங்கேயும் ஜெர்மன் கணினியில் 435,00 என்றே வரும். எந்த நாணயம் என்பது தொகையின் ஒரு பகுதி. எந்த வடிவம் என்பது வாசிப்பவரைப் பொறுத்தது. இரண்டையும் தனித்தனியாகச் சொல்லுங்கள்: லோகேலை வெளிப்படையாகக் கொடுங்கள், கரன்சி கிளாஸிலிருந்து ஐஎன்ஆர் குறியீட்டை எடுத்து செட்கரன்சி மூலம் பொருத்துங்கள். செட்கரன்சி தசம இலக்கங்களின் எண்ணிக்கையைத் தொடாது என்பதையும் கவனிக்க வேண்டும். ஜப்பானிய யென்னுக்குத் தசம இலக்கமே இல்லை, குவைத் தினாருக்கு மூன்று. ஜப்பான் லோகேலில் உருவாக்கிய வடிவத்துக்கு ஐஎன்ஆர் பொருத்தினால் 434.60 என்பது 435 ஆகிவிடும். கரன்சி கிளாஸின் கெட்டீஃபால்ட்ஃபிராக்‌ஷன்டிஜிட்ஸ் மெத்தடைக் கேட்டு, குறைந்தபட்ச, அதிகபட்ச இலக்கங்கள் இரண்டையும் நீங்களே அமைத்துவிடுவது பாதுகாப்பு.

நம் ஊர் வாசகருக்கு இதைவிட அருகிலுள்ள சிக்கல் லட்சமும் கோடியும். பன்னிரண்டு லட்சத்து முப்பத்து நான்காயிரத்து ஐந்நூற்று அறுபத்தேழை நாம் 12,34,567 என்று எழுதுகிறோம். ஜாவாவின் டெசிமல்ஃபார்மட் இந்திய லோகேல் கொடுத்தாலும் 1,234,567 என்றே எழுதும். வடிவத்தில் இரண்டு இலக்கத்துக்கு ஒரு காற்புள்ளி என்று நாமே எழுதிக் கொடுத்தாலும் பயன் இல்லை. கடைசிக் காற்புள்ளிக்கும் எண்ணின் முடிவுக்கும் உள்ள இடைவெளியை மட்டும் எடுத்துக்கொண்டு எல்லாக் குழுக்களுக்கும் அதையே பயன்படுத்துவோம் என்று அதன் ஆவணமே சொல்கிறது. ஐசியு4ஜே என்ற நூலகத்தைச் சேர்த்தால் இந்திய முறை சரியாக வரும். பயிற்சி நிரலுக்கு நூலகம் அதிகம் என்றால், முழு ரூபாய்ப் பகுதியை ஸ்டிரிங்காக எடுத்து, வலமிருந்து முதல் மூன்று இலக்கத்தைத் தனியே வைத்து, மீதியை இரண்டு இரண்டாகப் பிரித்துக் காற்புள்ளி இடும் ஒரு சிறு மெத்தடை நீங்களே எழுதலாம், பத்து வரிக்குள் முடியும். ஸ்டிரிங்காக எடுக்கும்போது டோபிளெயின்ஸ்டிரிங் மெத்தடையே அழையுங்கள். டோஸ்டிரிங் சில நேரம் அடுக்குக் குறியோடு எழுதிவிடும். வெறும் டபுளை அச்சிடுபவருக்கு இந்த அடுக்குக் குறி ஒரு கோடி ரூபாயைத் தொட்டதுமே வந்துவிடுகிறது: கோடி என்பது 1.0, அதன் பின்னால் ஈ என்ற ஆங்கில எழுத்து, அதன் பின்னால் 7 என்று திரையில் நிற்கும்.

ரூபாய்க் குறி பற்றியும் ஒரு வார்த்தை. தமிழ்நாட்டைச் சேர்ந்த உதயகுமார் வடிவமைத்து 2010 ஜூலையில் இந்திய அரசு ஏற்ற ₹ குறி, அதே ஆண்டில் யூனிகோடில் சேர்ந்தது. ஆனாலும் ஜாவா 8-ல் இந்திய ஆங்கில லோகேலுக்கு ரூபாயைச் சுருக்கி எழுதும் பழைய ஆங்கில எழுத்துகளே வந்தன. லோகேல் தரவு மாற்றப்பட்ட ஜாவா 9 முதல்தான் ₹ வருகிறது. அச்சான ஸ்டிரிங்கை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் சோதனைகள் ஜாவா பதிப்பு மாறியதும் தோற்றுப்போவது இப்படித்தான். விண்டோஸ் கன்சோலில் ₹ இருக்க வேண்டிய இடத்தில் கேள்விக்குறி தெரிந்தால் அதற்கு உங்கள் கணக்கு பொறுப்பல்ல, கன்சோலின் எழுத்துக் குறியாக்கத்தைப் பாருங்கள்.

பைசாவை லாங்கில் வைத்திருப்பவர் அச்சிடும்போது நூறால் வகுத்து ரூபாயையும் மீதியைப் பைசாவாகவும் எடுப்பார். 1,205 பைசாவுக்கு 12, 5 என்று கிடைக்கும். நடுவே ஒரு புள்ளியை வைத்து ஒட்டினால் 12.5, அதாவது பன்னிரண்டரை ரூபாய். 45 பைசா கூடிவிட்டது. பைசாவை எப்போதும் இரண்டு இலக்கமாக, முன்னால் பூஜ்யம் இட்டு அச்சிட வேண்டும். கழித்தல் தொகையில் இன்னொரு பொறி: -5 பைசாவை நூறால் வகுத்தால் ரூபாய் 0, மீதி -5, ஒட்டினால் 0.-5 என்று வரும். இரண்டையும் கையால் சரிசெய்வதைவிட, பைசாவையும் 2 என்ற இலக்க எண்ணிக்கையையும் பிக்டெசிமலின் வேல்யூஆஃப் மெத்தடிடம் கொடுத்துவிட்டால் 12.05-ம் -0.05-ம் தானாக வரும். எந்த வழியில் எழுதினாலும் பூஜ்யம், 5 பைசா, -5 பைசா, 999.99, ஒரு லட்சம், ஒரு கோடி ஆகிய தொகைகளைக் கொடுத்து அச்சிட்டுப் பாருங்கள். கடைசியாக 99,999.995-ஐயும் கொடுங்கள். முதலில் ரவுண்ட் ஆஃப், பிறகு காற்புள்ளி என்ற வரிசையில் எழுதிய மெத்தட் இதை 1,00,000.00 என்று அச்சிடும். காற்புள்ளியை முதலில் இட்டுவிட்டுப் பைசாவைத் தனியே முழுமையாக்கும் மெத்தட் 99,999.100 என்றோ, ஒரு ரூபாயையே விட்டுவிட்டு 99,999.00 என்றோ அச்சிடும்.